தேறிய யந்திரமும் தண்டனை பெற்ற மனிதரும்

கணிப்பொறிகளுக்கென எழுதப்படும் மென்பொருள்களைச் சோதனை செய்வது பயனுள்ள காரியமா, வீண் செலவா என்ற விவாதம் அத்தொழிலில் ஈடுபட்டோரிடையே பல வருஷங்களாக நடந்து வருகிறது. எவ்வளவு சோதித்தாலும் பிழை தங்கிவிடுகிறது. ஆகையால் சோதனைக்குச் செலவிடும் பொழுதும் பொருளும் வீணே என்பர் ஒரு சாரார். சோதியாத மென்பொருளை வெளியே விடுவது ஜனங்களுக்குச் செய்யும் துரோகம் என்பர் மற்றொரு சாரார். இது தொழில் வல்லாருக்குள் நடக்கும் சச்சரவு, நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று நமது நேயர்கள் வாளா இருந்துவிடுதல் தகாது. ரேஷன் அரிசி கிடைப்பதும், பாங்கியில் பணம் கிடைப்பதும், ரயிலில் இடம் கிடைப்பதும் இன்று கணிப்பொறியின் வழியாகவே நடைபெறுகின்றன. உமது பெயர் இல்லை என்று பொறி சொல்லிவிட்டால், எதிரே அமர்ந்திருக்கும் உத்தியோகஸ்தர் கையை விரித்துவிடுகிறார். ஆதலின், சோதனை எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்பது பிரஜைகளின் உரிமையைச் சார்ந்த கேள்வியென்றே நாம் கருதுகிறோம்.

சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், பிழை இல்லாமையைக் காட்ட முடியாது என்னும் கருத்தை டச்சு நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969-ம் வருஷத்திலேயே வெளியிட்டார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை நம்மவர் எளிதில் ஏற்பதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமது நாட்டு வழக்கு. சோற்றுக்கு அது முற்றிலும் பொருந்தும். ஒரே நெருப்பும் ஒரே நீரும் எல்லா அரிசியையும் ஒரே விதமாக வேகவைத்திருக்கின்றன. ஆதலால் ஒன்று வெந்திருந்தால் மற்றவையும் வெந்திருக்கும். ஒரு பாலம் பத்து டன் பாரத்தைத் தாங்கிற்றென்றால் எட்டு டன்னையும் தாங்குமென்று தைரியமாகச் சொல்லலாம். மென்பொருளுக்கோ இந்த நியாயம் செல்லாது. பதினாயிரம் ரூபாய்க் கணக்கைச் சரியாகப் போட்ட அதே மென்பொருள் எண்ணாயிரம் ரூபாய்க் கணக்கில் தவறிவிடலாம். அங்கே ஒவ்வொரு பருக்கையும் தனித்தனி அடுப்பில் வெந்த பருக்கையாகும்.

எல்லாப் பருக்கையையும் பதம் பார்த்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இரண்டு எண்களை வாங்கி ஒரு விடை தரும் மிகச் சிறிய மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறிகளில் சாதாரணமாக வழங்கும் 32 இலக்க இரட்டை முறையில் அவ்விரு எண்களும் அமைந்தவை என்று கொண்டால், அவை சேரக்கூடிய வகைகள் இரண்டின் 64-வது பெருக்கம் ஆகும். விநாடிக்கு நூறு கோடி சோதனை வீதம், இரவு பகல் ஓயாமல் சோதித்தாலும், முடிப்பதற்கு 584 வருஷங்கள் செல்லும். விஜயநகரத்து அரசர் காலத்தில் தொடங்கியிருந்தால் இப்பொழுதுதான் முடிந்திருக்கும். இரண்டே எண்களின் கதி இதுவாயின், லட்சக்கணக்கான வரிகளால் ஆன மென்பொருளின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, முழுதும் சோதித்துவிட்டோம் என்று எவரேனும் சொன்னால், அறியாமையால் சொல்கிறார் அல்லது வியாபாரத்திற்காகச் சொல்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

இது வெறும் கணித விசாரம் அன்று. இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்யும் தெராக்-25 என்னும் யந்திரத்தைக் கனடா சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனி ஒன்று தயாரித்தது. முந்திய யந்திரத்தில் அபாயத்தைத் தடுப்பதற்கென்று தனிக் கருவிகள் இருந்தன. மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையினால் புதிய யந்திரத்தில் அவற்றை நீக்கிவிட்டனர். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள், செலுத்தவேண்டிய அளவைவிட மிக அதிகமான கதிர்வீச்சுக்கு ஆளாயினர், மூவரேனும் மாண்டனர். டெக்ஸாஸ் மாகாணத்தில் நேர்ந்த விபத்துக்களின் காரணத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். யந்திரத்தை இயக்குபவர் எழுத்துக்களைத் தட்டியபின் ஒரு தவறைக் கண்டு எட்டு விநாடிக்குள் திருத்திவிட்டால், மென்பொருள் அத்திருத்தத்தைப் பாதி ஏற்று, பாதி விட்டுவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர் மெதுவாகத் தட்டும்வரையில் ஒன்றும் நேரவில்லை. கை பழகி விரைவு வந்தபின்னரே நோயாளி உயிரிழந்தார். அதே யந்திரத்தில் மற்றொரு பிழையும் இருந்தது. ஒரு சிறு எண்ணிக்கை 255 வரை ஏறி, 256-வது முறை பூஜ்யமாகிவிடும். அந்தத் தருணத்தில் பாதுகாப்புச் சோதனை நடைபெறாது. 255 முறை சோதித்தவன் யந்திரம் தேறிற்று என்றே எழுதியிருப்பான். அவன் எழுதியதில் பொய்யும் இராது. இவ்வளவு நடந்த பின்னரும், தமது யந்திரம் அளவுக்கு மேல் கதிர்வீசுதல் சாத்தியமே இல்லை என்று கம்பெனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பதில் எழுதி வந்தனர்.

செல்வமும் சாஸ்திர ஞானமும் மிகுந்த தேசங்கள் கூடிச் செய்த காரியத்திலும் இதுவே நேர்ந்தது. 1996-ம் வருஷம் ஜூன் மாதம் 4-ந் தேதி, பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியான்-5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. 40 விநாடிக்குள் அது சிதறிற்று. உள்ளிருந்த நான்கு விஞ்ஞானத் துணைக்கோள்களும் அழிந்தன. திசையும் வேகமும் அறிவிக்கும் கருவியின் மென்பொருளைப் பழைய ஏரியான்-4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தனர். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். 32,767-க்கு மேற்பட்ட எண்ணை வைக்க முடியாத இடத்தில் பெரிய எண் ஒன்று வந்து சேரவே, கருவி நின்றுவிட்டது. அதற்குத் துணையாக வைத்திருந்த இரண்டாவது கருவியும் அதே மென்பொருளைக் கொண்டதாகையால், அதற்குச் சற்று முன்னரே நின்றுபோயிருந்தது. கிளம்பிய பிறகு அந்த மென்பொருளின் அப்பகுதிக்கு ஏரியான்-5-ல் ஒரு வேலையும் இல்லை என்பது இன்னும் பரிதாபம். ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிட்டி, புதிய ராக்கெட்டின் உண்மையான செல்வழியைக் கொடுத்து இந்தக் கருவியைச் சோதிக்கவே இல்லை என்று கண்டது. பழைய ராக்கெட்டில் அக்கருவி நன்றாக வேலை செய்ததே சோதனைக்கு ஈடாக எண்ணப்பட்டது. தகப்பன் நல்லவன் என்பதற்காக மகனை விசாரியாமல் பெண் கொடுத்தவர் கதைதான் இது.

அவையெல்லாம் பழங்காலத்து விஷயங்கள், இப்பொழுது முறைகள் திருந்திவிட்டன என்று சொல்லுவோர் 2024-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதியை நினைக்கட்டும். கிரௌட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கக் கம்பெனி, கணிப்பொறிகளைத் திருடரிடமிருந்து காக்கும் தனது மென்பொருளுக்கு ஒரு சிறு திருத்தத்தை அன்று உலகெங்கும் அனுப்பிற்று. 78 நிமிஷங்களில் அதைத் திரும்பப் பெற்றும் பயனில்லை. ஏறக்குறைய 85 லட்சம் கணிப்பொறிகள் செயலற்று விழுந்தன. ஆஸ்பத்திரிகளும் பாங்கிகளும் தத்தளித்தன. நமது நாட்டு விமான நிலையங்களிலும் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுக்கள் கொடுக்கப்பட்டன. கம்பெனியே பின்னர் வெளியிட்ட அறிக்கையின்படி, மென்பொருளின் ஒரு பகுதி 21 விவரங்களை எதிர்பார்த்தது. மற்றொரு பகுதி 20 விவரங்களையே கொடுத்தது. சோதனை நடந்ததா எனில், நடந்தது. ஆனால் சோதித்த ஒவ்வொரு முறையும் 21-வது இடத்தில், எதுவாயினும் சரி என்று பொருள்படும் குறியே இருந்தமையால், அந்த இடத்தை மென்பொருள் எட்டிப் பார்க்கவே இல்லை. எல்லாச் சோதனையும் தேறிற்று. வேலியே பயிரை மேய்ந்தது.

இவ்வளவையும் எடுத்துக் காட்டியதால், சோதனையைக் கைவிட வேண்டுமென்பது நமது கட்சி என்று எவரும் நினைக்க வேண்டாம். பிழையைத் தேடிப் பிடிப்பதே சோதனையின் தர்மம். அந்தத் தர்மத்தைச் செய்யும்வரையில் அதற்குச் செலவிடும் ஒவ்வொரு காசும் தகும். ஏரியான் கருவியைப் புதிய செல்வழியில் வைத்து ஒரு நாள் சோதித்திருந்தால் அப்பிழை தரையிலேயே அகப்பட்டிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. நாம் ஆட்சேபிப்பது வேறு. பிழையைப் பிடிக்கவேண்டிய சோதனை, பிழை இல்லையென்று அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கும் சடங்காக மாறிவிடுகிறது. போலீஸ்காரன் தெருவில் ரோந்து சுற்றுவதால் ஊரில் திருடனே இல்லை என்று எவரும் தீர்மானிப்பதில்லை. மென்பொருள் விஷயத்தில் மட்டும் அவ்வாறு தீர்மானிக்கிறோம்.

இம்மாற்றம் எவ்வாறு நேர்கிறதென்பதைத் தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் வேலை செய்யும் நமது வாலிபர்கள் அறிவார்கள். பிறநாட்டு மென்பொருள்களைச் சோதிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவர் அவர்களில் அநேகர். சோதனை முடியும் தேதி, சோதனை தொடங்குமுன்பே முதலாளியால் நிச்சயிக்கப்படுகிறது. மென்பொருளை எழுதுபவர் தாமதித்தால், அத்தாமதம் சோதிப்பவரின் நாட்களிலிருந்தே கழிக்கப்படும். எத்தனை சோதனை செய்தாய் என்று கணக்குக் கேட்கிறார்களே ஒழிய, எந்தச் சந்தேகத்தைத் தீர்த்தாய் என்று கேட்பவர் அரிது. எண்ணிக்கைக்குச் சம்பளம் என்றால், பிழை அகப்படாத இடங்களிலேயே ஆயிரம் சோதனை செய்து எண்ணிக்கையைப் பெருக்குவது மனித சுபாவம். கடைசி நாளன்று பெரும்பிழையொன்றைக் கண்டுபிடித்தவனுக்கு நன்றி கிடைப்பதில்லை. நல்ல வேளையில் அபசகுனம் சொன்னவனைப் போல் பார்க்கிறார்கள். இத்தகைய ஏற்பாட்டில் சோதனை பயன் தரவில்லை என்றால் குற்றம் சோதனையினுடையதா, ஏற்பாட்டினுடையதா?

சடங்காகிப்போன சோதனை ஜனங்களை எந்தக் கதிக்கு ஆளாக்கும் என்பதற்கு இங்கிலாந்துத் தபால் ஆபீஸின் வரலாற்றைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டியதில்லை. உலகத்திற்கே நியாயத்தைக் கற்றுக்கொடுத்ததாகப் பெருமை பேசிய தேசம் அது. கிராமந்தோறும் சிறு தபால் ஆபீஸ் நடத்திவந்தவர்களுடைய கணக்குகளைப் பார்ப்பதற்கு ஹொரைஸன் என்னும் கணிப்பொறி ஏற்பாட்டை 1999-ம் வருஷம் முதல் அங்கே நிறுவினர். சோதனைக் காலத்திலேயே கணக்கு ஒத்துவராத குறைகள் கண்டெழுதப்பட்டிருந்தன. எனினும் ஏற்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் பின்னர் கணக்கில் பணம் குறைவதாகப் பொறி காட்டியபோதெல்லாம், அதனை அந்தச் சிறு உத்தியோகஸ்தர்களின் திருட்டு என்றே மேலிடத்தார் கொண்டனர். முறையிட்டவர்களிடம், உமக்கு மட்டுந்தான் இந்தத் தொல்லை, வேறு ஒருவரும் இப்படிச் சொல்லவில்லை என்று பதில் வந்தது. 2015-ம் வருஷம் வரையில் 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளெனத் தீர்ப்பிடப்பட்டனர். அவ்வழக்குகளுள் மிகப் பலவற்றில் தபால் ஆபீஸே வாதியாக நின்றது. வீட்டை விற்றுப் பணத்தைக் கட்டியவர் பலர்; சிறை சென்றோர் பலர். நம் நாட்டிலிருந்து அங்கே குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இந்திய வம்சத்தைச் சேர்ந்த ஸ்திரீ ஒருவர் கர்ப்பிணியாயிருக்கையில் 2010-ம் வருஷத்தில் சிறையிலிடப்பட்டார்.

ஹொரைஸனில் பிழைகள் இருந்தன என்று 2019-ம் வருஷம் டிசம்பரில் லண்டன் ஹைக்கோர்ட் தீர்ப்பளித்தது. 2021-ம் வருஷம் ஏப்ரலில் அப்பீல் கோர்ட் 39 பேருடைய தண்டனைத் தீர்ப்புக்களை ரத்து செய்தது. மிச்சமிருந்தவர்களை விடுவிக்க 2024-ம் வருஷத்தில் பார்லிமெண்டே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஸர் வின் வில்லியம்ஸ் 2025-ம் வருஷம் ஜூலையில் வெளியிட்ட விசாரணை அறிக்கையின் முதற்பகுதி, குறைந்தது 13 பேர் இக்காரணத்தால் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று கூறுகிறது. அந்த உயிர்களைத் திருப்பித் தரும் சட்டம் எந்தப் பார்லிமெண்டிலும் இல்லை.

இந்த அநியாயம் பிழையால் மட்டும் விளைந்ததன்று. பிழை எங்கும் உண்டு. கணிப்பொறியின் கணக்கைச் சாட்சியமாகக் கொண்டுவருவோர், அப்பொறி ஒழுங்காக வேலை செய்தது என்பதைத் தாமே காட்டவேண்டும் என்று 1984-ம் வருஷத்துச் சட்டமொன்று இங்கிலாந்தில் விதித்திருந்தது. அது வீண் சிரமம் என்று கருதி அவ்விதியை 1999-ம் வருஷத்தில் எடுத்துவிட்டனர். ஹொரைஸன் வந்த வருஷமும் அதுவே. அதன்பின், மறுப்புக்கு ஆதாரம் காட்டப்படாவிட்டால், பொறி சரியாகவே வேலை செய்தது என்று கோர்ட்டுகள் கொள்ளலாயின. மறுப்பதற்கு வேண்டிய தஸ்தாவேஜுகளோ எதிர்க்கட்சியாரின் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. பொறி தேறிற்று, ஆகவே பொய் சொல்லாது. பொறி பொய் சொல்லாதாகையால் மனிதனே திருடன்: இதுதான் அங்கே நடந்த தர்க்கம். சோதனையின் வரம்பை அறியாத நீதி இப்படித்தான் முடியும்.

நமது நாட்டில் நிலைமை என்ன? 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதீய சாக்ஷ்ய சட்டத்தின் 63-வது பிரிவு, கணிப்பொறியிலிருந்து எடுத்த பதிவுகளுக்கு அத்தாட்சிப் பத்திரம் வேண்டுமென்கிறது. பொறியின் பொறுப்பிலுள்ளவரோடு நிபுணர் ஒருவரும் அதில் கையெழுத்திடவேண்டும். இங்கிலாந்தார் எறிந்துவிட்டதை நாம் விடாமல் வைத்திருப்பது புத்திசாலித்தனமே. ஆனால் பொறி ஒழுங்காக இயங்கிற்று என்ற ஒரு வரி எதைச் சொல்கிறது? நின்றுபோகாமல் இயங்கிற்று என்று சொல்லலாம். அதன் மென்பொருள் எந்த நிலைமைகளில் சோதிக்கப்பட்டது, எந்தப் பிழைகள் அறியப்பட்டும் திருத்தப்படாமல் இருக்கின்றன என்பவற்றை அவ்வரி சொல்வதில்லை. ஹொரைஸனும் நாள்தோறும் ஒழுங்காக இயங்கிக்கொண்டுதான் இருந்தது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-ம் வருஷத்திலிருந்து நமக்கு உண்டு. அதிலும் வியாபார ரகசியம் என்ற விலக்கு இருக்கிறது. பெரும்பாலான ஜனங்களின் நன்மையைக் கருதி அந்த விலக்கைத் தள்ளலாமென்றும் சட்டமே கூறுகிறது. ரேஷன் கார்டை ரத்து செய்யும் மென்பொருளின் பிழைப் பட்டியல் வியாபார ரகசியமாகுமா என்று நாம் கேட்கிறோம்.

பிழையே இல்லாத மென்பொருளைக் கேட்பது ஆகாயத்தில் கோட்டை கட்டுவதாகும் என்று சில நண்பர்கள் ஆட்சேபிப்பார்கள். முயன்றால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்குப் பாரிஸ் நகரம் உதாரணமாக இருக்கிறது. அங்கே 1998-ம் வருஷத்தில் திறந்த, ஓட்டுநர் இல்லாத 14-வது பாதாள ரயிலின் பாதுகாப்பு மென்பொருளை, கணிதத் தேற்றத்தைப் போல் படிப்படியாக நிரூபித்து அமைத்தார்கள். ஆனால் அந்த நிரூபணமும், ரயில் இப்படி நடக்கவேண்டுமென்று முன்கூட்டி எழுதிய இலக்கணத்திற்கு ஏற்ப மென்பொருள் இருக்கிறது என்பதையே காட்டும். இலக்கணமே தவறானால் கணிதம் காப்பாற்றாது. அன்றியும் எல்லா மென்பொருளுக்கும் அவ்வளவு செலவு செய்ய இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். பிழையின்மையை நாம் கேட்கவில்லை. பிழை இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு நடக்கும் யோக்கியதையைத்தான் கேட்கிறோம்.

அந்த யோக்கியதை சில காரியங்களாக வெளிப்படவேண்டும். ஜனங்களின் உணவு, பணம், உரிமை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் மென்பொருளைச் சோதிப்பவர், அதை எழுதிய கம்பெனிக்கும் அதை வாங்கிய இலாகாவுக்கும் கட்டுப்படாதவராக இருக்கவேண்டும். தேறிற்று என்ற சீட்டோடு நில்லாமல், எவை சோதிக்கப்படவில்லை, எவை தவறின என்ற பட்டியலையும் ஜனங்கள் படிக்கும்படி வெளியிடவேண்டும். புதிய ஏற்பாட்டையோ திருத்தத்தையோ ஒரே நாளில் தேசமெங்கும் புகுத்தாமல், ஒரு தாலூகாவில் நடத்திப் பார்த்து, பழைய முறையையும் கூடவே வைத்துக்கொண்டு, பின்னர் பரப்பவேண்டும். பொறி சொன்னதை ஒருவர் மறுத்தால், அவருடைய கணக்கின் முழுப் பதிவையும் அவரிடம் கொடுத்துவிட்டு, பொறி சொன்னது மெய்யென்று நிரூபிக்கும் பாரத்தைப் பொறியை உடையவரே சுமக்கவேண்டும். வாயில்லாப் பொறிக்கு வக்கீல் வைக்கப் பணமுடையோர் இருக்கிறார்கள். கிராமத்து ஏழைக்கு அந்த வசதி இல்லை.

இவ்விஷயத்தைத் தொழில் வல்லார்களிடம் விட்டுவிட்டுத் தேசத் தொண்டர்கள் சும்மா இருக்கலாகாது. நிலவரிக் கணக்கைக் கர்ணமிடம் கேட்டு வாங்கிப் படிக்கக் குடியானவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நமது முன்னோர்கள். இன்று கர்ணத்தின் இடத்தில் கணிப்பொறி உட்கார்ந்திருக்கிறது. அதனிடமும் கணக்குக் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டென்று கிராமந்தோறும் எடுத்துச் சொல்லவேண்டும். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உள்ள நமது பிரதிநிதிகள், மென்பொருளுக்காக ஒதுக்கும் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும்பொழுது, அதைச் சோதித்தவர் யார், அவர் கண்ட குறைகள் எவை என்றும் சேர்த்துக் கேட்பார்களாக.